ஆலயமே பாடசாலை: மாணவர் சமயச் சுற்றுலாவும் வழிபாட்டுக் கல்வியும்

சைவ மக்களின் வாழ்வு ஆலயத்தோடு பின்னிப் பிணைந்தது. பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிந்ததும் தாயும் பேரனும் பேர்த்தியும் அதனைத் தூக்கிக்கொண்டு செல்வது கோயில் வாசலுக்கே. விஜயதசமியில் ஏடு தொடக்குவதும் அங்கேதான். சோதனைக்குப் போகும் பிள்ளை பேனையை வைத்து எடுப்பதும், வெளிநாடு போகிறவர் கடைசியாகக் கற்பூரம் கொளுத்துவதும் அங்கேதான். இவ்வளவு நெருக்கம் இருந்தும், கோயிலுக்குள்ளே தான் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான் என்பதை அறியாமலே ஒரு பிள்ளை வளர்ந்து பெரியவனாகிவிடும் நிலை இன்று கிராமங்கள்தோறும் காணப்படுகின்றது.

பாடசாலையில் சமய பாடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலை உண்டு. ‘பலிபீடம் எதனைக் குறிக்கும்?’ என்று வினாத்தாளிலே கேட்டால் பிள்ளை சரியான விடையின் கீழே கோடிடும். ஆனால் அதே பிள்ளையை ஊர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்று ‘பலிபீடத்தைத் தொடாமல் தூரத்தில் நின்று காட்டு’ என்றால் நந்தியையும் கொடிமரத்தையும் மாறி மாறிப் பார்த்து விழிக்கும். கொப்பியிலுள்ள அறிவும் கும்பிடும் கையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இவ்விரண்டையும் சந்திக்க வைப்பதே மாணவர் சமயச் சுற்றுலாவின் நோக்கமாகும்.

இதற்காகப் பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஆம் ஆண்டில் வலிகாமம் முழுவதும் வாழ்ந்த மக்களும் இடம்பெயர்ந்தனர். இன்றைய மாணவரின் தாய் தந்தையரிற் பலர் அகதி முகாமிலும் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலும் வளர்ந்தவர்கள். தம் குலதெய்வத்தின் கோபுரத்தைப் படத்தில் மாத்திரம் கண்டவர்களும் அவர்களுள் உளர். பாட்டன் பேரனுக்குக் கைபிடித்துக் காட்டிக் கொடுக்கும் அந்தத் தொடர்ச்சி ஒரு தலைமுறை அறுந்து போனது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போடும் பொறுப்பு இன்று ஆசிரியருக்கும் ஆலயத்துக்கும் உரியதாகின்றது.

புறப்படுமுன்: ஊர்க் கோயிலில் முதற்பாடம்

சமயச் சுற்றுலா என்றதும் விடியற்காலை பஸ்ஸில் ஏறி, ஒரு நாளில் பத்துக் கோயில்களைப் பார்த்து, கடற்கரையில் விளையாடி, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புவதே வழக்கமாகிவிட்டது. பத்தாவது கோயிலின் பெயரைப் பிள்ளை மறுநாளே மறந்துவிடும். ஆதலால் இரண்டு அல்லது மூன்று ஆலயங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூசையையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து காண்பதே சிறந்தது.

அதற்கும் முன்னர் முதற்பாடம் ஊர்க் கோயிலிலேயே நடைபெற வேண்டும். புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பின்னர் மாணவரை வீதியில் இருத்தி, ஒவ்வொருவரும் கோயிலைப் பற்றித் தமக்குத் தெரியாத ஒன்றைத் துண்டுத் தாளில் எழுதுமாறு சொல்லலாம். பெயர் எழுதத் தேவையில்லை. பெயர் இல்லாதபோதுதான் உண்மையான கேள்வி வரும். ‘சண்டேசுரருக்குக் காது கேளாதா, ஏன் கை தட்டுகிறோம்?’, ‘பூசை நேரம் ஏன் திரை போடுகிறார்கள்?’, ‘அம்மன் கோயிற் பொங்கலுக்குத் தேவாரம் மட்டும் போதாதா, ஏன் பறை அடிக்கிறார்கள்?’ என்றவாறு பிள்ளைகள் எழுதுவார்கள். இவை குதர்க்கமான கேள்விகள் அல்ல. ‘கேள்வி கேக்காமல் கும்பிடு’ என்று பெரியவர்கள் அடக்கியதால் நெஞ்சுக்குள் தங்கிப்போன கேள்விகள்.

அடுத்து ஆலய அமைப்பை விளக்க வேண்டும். ஆலயம் மனித உடலின் அமைப்பை ஒத்தது என்பர். கருவறை தலையாகவும், அர்த்தமண்டபம் கழுத்தாகவும், மகாமண்டபம் மார்பாகவும், கோபுரம் திருவடியாகவும் கொள்ளப்படும். அதனாலேயே தொலைவில் கோபுரம் தெரிந்தவுடன் கைகள் குவிகின்றன. அது ஸ்தூலலிங்கம் எனவும் பெயர் பெறும். கோயிலுக்குள் வர இயலாத நோயாளியும், வயலில் நிற்கும் உழவனும் நின்ற இடத்திலிருந்தே இறைவனின் திருவடியைத் தொழுவதற்கு அது வழி செய்கின்றது.

உள்ளே சென்றால் பதி, பசு, பாசம் என்னும் சைவசித்தாந்தத்தின் முப்பொருளும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கக் காணலாம். கருவறையிலுள்ள சிவலிங்கம் பதி. அதனை நோக்கியிருக்கும் நந்தி பசுவாகிய ஆன்மா. நந்தியின் பின்னேயுள்ள பலிபீடம் பாசம். நந்தியின் முகம் இறைவனை நோக்குகின்றது. பாசம் அதன் முதுகுக்குப் பின்னே விடப்பட்டிருக்கின்றது. ஆயிரம் பக்கம் படித்து அறிய வேண்டிய தத்துவத்தைச் சிற்பி கல்லிலே வைத்துவிட்டான். நந்திக்கும் இறைவனுக்கும் குறுக்கே ஓடக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவதன் காரணமும் அப்போது பிள்ளைக்கு விளங்கும்.

வழிபடும் முறை

நல்லைநகர் ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது சைவப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடப்புத்தகம் இருக்கவில்லை. அவரே பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் எழுதி அச்சிட்டார். ஆலயத்தில் எப்படி நுழைவது, எங்கே விழுந்து வணங்குவது, எத்தனை தரம் வலம் வருவது என்பவற்றைக் கேள்வியும் பதிலுமாக எளிய தமிழிலே தந்தார். கேள்வி கேட்பது பக்திக்கு விரோதமன்று என்பதற்கு அந்நூலின் அமைப்பே சான்றாகும்.

மாணவர் மனத்திற் கொள்ள வேண்டிய சில விதிகள் வருமாறு:

1. நீராடி, தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து, திருநீறு அணிந்து செல்லல் வேண்டும். திருநீற்றை நிலத்திற் சிந்தாமல், வடக்கு அல்லது கிழக்கு முகமாக நின்று, அண்ணாந்து அணிதல் முறை.

2. ஆண்கள் அட்டாங்க நமஸ்காரமும் பெண்கள் பஞ்சாங்க நமஸ்காரமும் செய்தல் வேண்டும். பலிபீடத்துக்கு இப்பால், வெளியே நின்றே விழுந்து வணங்க வேண்டும். கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய சந்நிதியாயின் தலை வடக்கேயும், வடக்கு அல்லது தெற்கு நோக்கிய சந்நிதியாயின் தலை கிழக்கேயும் இருத்தல் வேண்டும். கால் எந்தச் சந்நிதியையும் நோக்கி நீளாமல் இருப்பதற்கு இவ்வொழுங்கு உதவுகின்றது.

3. விநாயகரை ஒரு தரமும், சிவபெருமானை மூன்று தரமும், அம்பாளை நான்கு தரமும் வலம் வருதல் மரபு. ஓட்டமும் நடையுமாக அன்றி, மெல்ல நடந்து வலம் வருதல் வேண்டும்.

4. திரை போடப்பட்டிருக்கும்போது வலம் வருதலும் வணங்குதலும் தவிர்க்கத்தக்கன. திரை, ஆன்மாவை மறைத்திருக்கும் ஆணவ மலத்தை நினைவூட்டுவது. திரை நீங்கித் தீபம் காட்டப்படும்போது இருள் அகன்று அருள் வெளிப்படுகின்றது. மணியும் மேளமும் சேர்ந்து ஒலிப்பது வேறு எந்தப் பேச்சும் காதில் விழாதிருப்பதற்காகும்.

5. பூசை முடிவிலே தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் பஞ்சபுராணம் ஓதப்படும். சுற்றுலா செல்லும் மாணவருள் ஐவரேனும் இதனைப் பண்ணோடு பாடப் பழகியிருந்தால், செல்லும் ஆலயத்தில் அனுமதி பெற்றுப் பாடலாம். தன் குரல் பெரிய ஆலய மண்டபத்திலே எதிரொலிப்பதைக் கேட்ட பிள்ளை அக்கோயிலை ஒருபோதும் மறவாது.

சண்டேசுரர் பற்றிய கேள்விக்கும் இங்கே விடை கூறலாம். அவர் செவிப்புலன் அற்றவர் அல்லர். சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் பெயருடன் பிறந்து, மாடு மேய்த்த சிறுவர். ஆற்றங்கரை மணலிலே சிவலிங்கம் அமைத்துப் பாலால் அபிடேகம் செய்தவர். அதனைத் தடுத்துப் பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையையும் பொருட்படுத்தாது பூசையில் நிலைத்தவர். சிவனுக்குச் சூட்டிய மாலையையும் படைத்த அமுதையும் பெறும் உரிமையை இறைவன் அவருக்குக் கொடுத்தார். கருவறையின் வடபுறத்தில், எப்போதும் சிவத்தியானத்தில் இருப்பவராகிய அவரை மெல்லத் தாளமிட்டு வணங்கிச் சிவதரிசனப் பலனை வேண்டி நிற்பதே முறை. பலமாகக் கை தட்டுவதும் விரல் நொடிப்பதும் தகாதன. தம்மை ஒத்த வயதுச் சிறுவர் ஒருவர் நாயன்மாராகச் சந்நிதியில் இருக்கிறார் என்று அறிந்த மாணவர் அதன் பின்னர் அவ்விடத்தை விளையாட்டாகக் கடந்து செல்ல மாட்டார்கள்.

மாவிட்டபுரமும் கீரிமலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே ஒரே நாளில் தரிசிக்கத்தக்க இரு தலங்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் ஆகும். சோழ இளவரசியான மாருதப்புரவீகவல்லி குதிரைமுகமும் தீராத நோயும் உற்று, கீரிமலைத் தீர்த்தத்திலே நீராடி நலம் பெற்றாள் என்பது வரலாற்று மரபு. மா என்பது குதிரை. அம்முகம் விட்டு நீங்கிய இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அவள் எழுப்பிய முருகன் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றது. நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களுக்குள்ளே ஒரு தல வரலாறு அடங்கியிருப்பதை மாணவர் இங்கே உணர்வர். யாழ்ப்பாண வைபவமாலை இம்மரபைக் கூறுகின்றது.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் மறைக்காது கூறுதல் வேண்டும். 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் ஆலய வாசலிலே சாதியின் பெயரால் தடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காகப் போராடினர். ஒரு வகுப்பிலே ஒரே வாங்கில் இருக்கும் மாணவர் யாவரும் இன்று ஒன்றாகக் கோபுர வாசலைக் கடப்பது, முன்னையோர் சிலர் வெயிலில் நின்று பெற்றுத் தந்த பேறு. மேய்ப்புச் சிறுவரையும் வேடரையும் நாயன்மாராக வணங்கும் சமயத்திலே வாசலில் ஆளைத் தரம் பிரித்தது குற்றமே என்பதைச் சைவப் பிள்ளைகள் அறிந்து வளர வேண்டும்.

கீரிமலை நகுலேஸ்வரம் ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களுள் வடதிசைக்கு உரியது. கிழக்கே கோணேச்சரமும், வடமேற்கே கேதீச்சரமும், மேற்கே முன்னேச்சரமும், தெற்கே தொண்டேச்சரமும் ஏனையவை. கோணேச்சரத்தைத் திருஞானசம்பந்தரும், கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். நகுலம் என்பது கீரி. கீரிமுகம் உற்ற நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் ஆடி அது நீங்கப் பெற்றார் என்பது ஐதீகம். இறைவன் நகுலேஸ்வரர், இறைவி நகுலாம்பிகை. போர்த்துக்கேயர் காலத்தில் இக்கோயில் அழிக்கப்பட்டது. நாவலர் தந்த தூண்டுதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. 1990 ஆம் ஆண்டு யுத்தத்திலே பெரும் சேதமுற்று, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு, நீண்ட காலம் அடியார்கள் விரும்பியபோது செல்ல இயலாத இடமாயிற்று. திருப்பணிகள் நிறைவேறி 2012 ஆம் ஆண்டில் கும்பாபிஷேகம் நடைபெற்றது. பூட்டிய கோயிலைப் புத்தகத்தில் மட்டும் படித்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று அக்கோயிற் படியில் இருந்து பாடம் கேட்கிறார்கள்.

தீர்த்தக் கேணியிலே விஞ்ஞான பாடமும் உண்டு. ஒரு புறம் அலை அடிக்கும் உப்புக் கடல். சில அடி தள்ளிக் கேணியிலே நன்னீர். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மாரியிலே பெய்யும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடி, கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. உள்ளூர்த் தோட்டக் கிணற்றில் அள்ளும் நீரும் இவ்வாறு மழையால் ஊறியதே. ஆதலால் தீர்த்தத்திலே சவர்க்காரம் போடுவதும் பொலித்தீன் பையை எறிவதும் சமயக் குற்றம் மட்டுமன்று, தம் கிணற்றைத் தாமே கெடுப்பதற்கு ஒப்பாகும்.

கீரிமலை பிதிர்க்கடனுக்குரிய தலமும் ஆகும். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து இங்கே தீர்த்தமாடித் தர்ப்பணம் செய்வர். வீட்டிலே காத்தோட்டிக்காயும் சேர்த்துச் சமைத்துப் படைப்பர். தாயை இழந்தோருக்குச் சித்திரைப் பௌர்ணமி. இதனை ஆசிரியர் விளக்கும்போது கேட்டிருக்கும் பிள்ளைகளுள் யாருக்கு என்ன இழப்பு உண்டு என்பது தெரியாது. எல்லோரும் கேணியை விட்டு நகர்ந்த பின்னர் ஒரு பையன் தயங்கி நின்று,

“ரீச்சர், எங்கட அப்பா எப்ப இறந்தவர் எண்டு அம்மாவுக்குத் திகதி தெரியாது. அப்பிடியெண்டால் அவருக்குச் செய்யேலாதோ?”

என்று கேட்கக்கூடும். அப்போது கொப்பியில் விடை தேட முடியாது.

“செய்யலாம் அப்பன். திதி தெரியாத ஆக்களுக்கும் சேர்த்துத்தான் ஆடி அமாவாசை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. குருக்கள் ஐயாவிட்டைக் கேட்டால் அவர் செய்விப்பார். இண்டைக்கு அப்பாவை நினைச்சு ஒருக்கால் முழுகிக் கும்பிடு.”

இவ்வாறு சொல்லி அவன் தோளில் கை வைக்கத் தெரிந்த ஆசிரியரே சமய ஆசிரியர். இறந்தவரை நினைக்க ஒரு நாளும், நினைத்து அழ ஓர் இடமும், அழுகையை நீரோடு விட்டு வர ஒரு கேணியும் சமயம் ஏன் ஏற்படுத்தி வைத்தது என்பதை அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செல்வச்சந்நிதி: மந்திரமில்லா வழிபாடு

ஆகம முறைப்படி பூசை நடைபெறும் ஆலயங்களைக் கண்ட மாணவர், அடுத்துத் தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குச் செல்லுதல் பொருத்தமானது. இங்கே மூலஸ்தானத்தில் இருப்பது வேல். பூசை செய்வோர் அந்தணர் அல்லர். மருதர் கதிர்காமர் என்னும் அடியாரின் வழிவந்தோர். பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். அறுபத்தைந்து ஆலிலைகளிலே முருகனுக்கு அமுது படைக்கப்படும். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற இப்பெருமானின் சூழலிலே பசித்து வந்தவர் பசியோடு திரும்புவதில்லை.

கதிர்காமத்திலும் திருவுருவைக் காண முடியாது. திரைக்கு முன் நின்றே அடியார் வணங்குகின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால், வழிபாட்டுக்கு ஒரே வழிதான் உண்டு என்ற எண்ணம் மாணவரை விட்டு நீங்கும். ஆகமத்தின் ஒழுங்கும் அன்பின் எளிமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. அம்மன் கோயிலில் மடை பரவிக் குளிர்த்தி செய்வதும், வைரவர் சூலத்தின் முன் பொங்கிப் படைப்பதும், பறை முழங்கத் தெய்வத்தை எழுப்புவதும் தாழ்ந்த வழிபாடுகள் அல்ல. உழைக்கும் மக்கள் தம் கையால் ஆக்கி, தம் மொழியில் அழைத்து, தம் கருவியால் முழக்கிச் செய்யும் வழிபாடுகள் அவை. துண்டுத் தாளிலே பறையைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு விடை இதுவே.

திரும்பி வந்த பின்னர்

சுற்றுலாவின் பயன் பஸ் திரும்பி வந்து நின்றதும் முடிந்துவிடுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாணவர் மீண்டும் ஊர்க் கோயில் வீதியில் கூட வேண்டும். முன்பு எழுதிய துண்டுத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து, அவற்றுக்கு மாணவரே விடை கூற வேண்டும். விடை கிடைக்காதவற்றைக் குருக்களிடம் கொண்டு செல்லலாம். கட்டுரை எழுதச் சொல்வதிலும் பார்க்க, வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ தான் அறிந்த ஒன்றைச் சொல்லி, அவர்கள் அறிந்த ஒன்றைக் கேட்டு வருமாறு பணிப்பது அதிக பயன் தரும். முதியவர் நெஞ்சிலே இருக்கும் ஊர்க் கோயிலின் பழைய கதைகள் அவர்களோடு அழிந்து போகாமல் எழுத்திலே ஏறுவதற்கும் அது வழியாகும்.

ஆலய தர்மகர்த்தா சபையினருக்கும் இதிலே பங்குண்டு. திருவிழாவிலே வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால் ஆண்டுக்கு ஒரு தடவை மாணவரைச் சமயச் சுற்றுலாவுக்கு அனுப்பலாம். பஸ் காசு கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று கையசைத்து அனுப்பும் நிலை ஏற்படக் கூடாது. ஆலயத்தின் ஒவ்வொரு மூர்த்தத்தின் பெயரையும் தெளிவான எழுத்திலே எழுதி வைக்கலாம். மாதத்தில் ஒரு நாள் பூசையின் பின் கால்மணி நேரம் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் குருக்கள் விடை கூறவும் ஒதுக்கலாம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பொறுமையே தேவை.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்டால் வாயை அடைக்காமல், விடை தெரிந்தால் சொல்லுதல் வேண்டும். தெரியாவிட்டால் ‘வா, ரெண்டு பேரும் ஐயாவிட்டைக் கேப்பம்’ என்று கைபிடித்து அழைத்துச் செல்லுதல் வேண்டும். விடை கிடைக்காத பிள்ளை இருபது வயதிலே கோயிலை விட்டு விலகிவிடும். அல்லது பிற நாட்டில், பிற சமயத்தவர் நடுவே நின்று, தன் சமயத்தைப் பற்றி ஒருவர் கேட்கும்போது தலை குனியும். பொருளறிந்து கும்பிட்ட பிள்ளையோ எந்தத் தேசம் சென்றாலும் தன் ஊர்க் கோயிலை நெஞ்சிலே கொண்டு செல்லும்.

ஆலயம் கற்களால் ஆன கட்டடம் மாத்திரமன்று. இடிந்தாலும், பூட்டப்பட்டாலும், அங்கே கும்பிடத் தெரிந்த ஒரு பிள்ளை எஞ்சியிருந்தால் அது மீண்டும் எழும் என்பதற்கு நகுலேஸ்வரமே சான்று. அத்தகைய பிள்ளைகளை உருவாக்குவதே உண்மையான திருப்பணியாகும். அத்திருப்பணி ஊர்தோறும் இனிதே நிறைவேற எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்.